காட்சிப் புதினமும் கைப்பொருளும்

சென்ற மாதத்து மழைநாள் மாலையொன்றில், புதுக்குடியிருப்புச் சந்தியை அடுத்துக் கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடையொன்றை நடத்திவரும் இளைஞர் ஒருவர் எம் இல்லத்துப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பத்தாண்டுகளுக்கு முன் எம்மிடம் நன்னூலும் யாப்பும் கேட்டவர். பொலித்தீன் பையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொணர்ந்த கொப்பியொன்றை எம் முன் வைத்தார். பழைய மாணாக்கர் கொப்பியோடு வந்தால், உள்ளே கவிதை என்றும் வெளியே அணிந்துரைக்கு விண்ணப்பம் என்றும் பொருள். இம்முறை எம் கணிப்புப் பிழைத்தது. கொப்பி முழுவதும் கணக்கு.

அவர் செய்ய முனைந்திருப்பது ஒரு காட்சிப் புதினம். 'விசுவல் நாவல்' என்று இளைஞர் வழங்குவது இதுவே. கணினித் திரையில் ஓரிடத்தின் படம் தோன்றும். அதன்முன் கதைமாந்தர் ஒருவர் வந்து நிற்பார். திரையின் அடியில் அவர் பேச்சு எழுத்தாய் வரும். படிப்பவர் விரல்தொட அடுத்த வரி வரும். இடையிடையே, இதனைச் செய்வதா அதனைச் செய்வதா என்ற வினா எழும். படிப்பவரின் தெரிவுக்கேற்பக் கதை வெவ்வேறு வழியிற் செல்லும். யப்பானில் வளர்ந்து உலகெங்கும் பரவிய வடிவம் இது. விளையாட்டு என்ற பெயரில் விற்பனையாயினும், செய்தொழிலால் இது வாசிப்பே. இவ்வடிவத்தில் 'வயதுவந்தோர்க்கு மட்டும்' என்ற முத்திரையோடு வெளிவரும் பகுதியொன்று உண்டு. நம் இளைஞர் எழுத விரும்பியது அப்பகுதியைச் சேர்ந்தது. முத்திரையின் பெயரைக் கேட்டதும் எம் முகம் மாறியிருத்தல் வேண்டும். "ஐயா, முதலிலே கதையைக் கேளுங்கோ, பிறகு ஏசுங்கோ" என்றார்.

கதை இதுதான். முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி. அவள் கணவன் 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபின் காணப்படவில்லை. இறந்தான் என்று சொல்வார் இல்லை. இருக்கிறான் என்று சொல்வாரும் இல்லை. வீட்டில் மாமியாரும் ஒரு மகளும். வீட்டுத்திட்டத்து வீட்டின் அரைகுறைச் சுவரைப் பூசி முடிக்க ஒரு மேசன் வருகிறான், நல்லவன், மனைவியை இழந்தவன். அவளுக்கு அவன்மேல் மனம் செல்கிறது. மனம் மட்டுமன்று. மறுமணம் செய்வதானால் முதற்கணவன் இறந்தான் என்று அவளே கையொப்பம் இட்டுப் பத்திரம் பெறல் வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இறப்புச் சான்றிதழுக்கு மாற்றாக, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் ஒன்றும் வழங்கப்படுகிறது. அதனைப் பெற்றால் அவன் இறந்தவன் ஆகான். அவளும் பிறனுக்கு உரியவள் ஆகாள். எந்தத் தாளில் ஒப்பமிடுவது? படிப்பவர் தெரிவுசெய்ய வேண்டிய வினா இதுவே.

ஏசுவதற்கு எமக்கு வாய் எழவில்லை. 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தெருவோரக் கொட்டில்களிற் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மாரைக் கண்டவர் நாம். இக்கதை பதினாறு வயதினர்க்கு உரியதன்று என்பதில் ஐயமில்லை. வயதுவந்தோர் என்ற சொல்லுக்கு உடம்பை மட்டும் பொருளாகக் கொண்ட வணிகர்கள் அச்சொல்லை மலினப்படுத்திவிட்டனர். அதற்கு முழுப்பொருள் ஒன்று உண்டு என்பதை எம் மாணாக்கர் எமக்கே கற்பித்தார்.

இனிக் கணக்குக்கு வருவோம். கொப்பியின் முதற்பக்கத்தில் இருபத்து நான்கு கதைமாந்தர். ஒவ்வொருவர்க்கும் சிரிப்பு, சினம், அழுகை, அச்சம் என ஆறு முகபாவம். ஆக 144 ஓவியம். கதை நிகழும் இடங்கள் அறுபது. மொத்தம் 204 ஓவியங்கள். ஓவியம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் என்று ஒருவரிடம் பேசியிருக்கிறார். பத்து இலட்சத்து இருபதினாயிரம் ரூபாய். இசை, குரல், விற்பனைச் செலவு எவையும் இதிற் சேரா. கையிருப்போ மூன்று இலட்சம். அதுவும் நான்காண்டுச் சேமிப்பு. மோட்டார் சைக்கிளை விற்கலாம் என்றார். அது வேண்டாம் என்று தடுத்தோம். அதில்தானே கடைக்கு உதிரிப் பொருள் வாங்க வவுனியா போகிறார்!

ஓவியச் செலவாவது கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு வேறொன்று இருந்தது. கதையில் பத்து இடங்களில் இவ்விரு வழிகள் பிரியும் என்று குறித்திருந்தார். பிரிந்த வழிகள் மீண்டும் கூடாமலே செல்லுமாயின், இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, பத்தாம் பிரிவில் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். முடிவு ஒன்றுக்கு ஒரு பக்கம் என்றாலும் ஆயிரம் பக்கத்துக்கு மேல்! கடை பூட்டியபின் இரவில் எழுதும் ஒருவர்க்கு அது வாழ்நாட் பணி. இத்தொழிலில் இறங்கிய பலருடைய படைப்பு முடிவுறாமற் கிடப்பதற்குப் பணமின்மை மட்டும் காரணமன்று. இந்தப் பெருக்கல் வாய்பாடும் காரணம்.

இவ்விடத்தில் எம் தொழிற்பழக்கம் தலைநீட்டியது. நேயர்கள் பொறுத்தருள்க. அகத்திணைப் புலவன் ஒருவன் தன் கொப்பியில் என்ன கணக்கு எழுதியிருப்பான் என்று அவரைக் கேட்டோம். மாந்தர் எத்தனை பேர்? தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன், பரத்தை என ஒரு கையிலும் மறுகையின் சில விரலிலும் அடங்குவர். பெயருங்கூட இல்லை. நிலம் எத்தனை? ஐந்து. பாட்டு எவ்வாறு அமையும்? ஒருவர் வந்து நிற்பார், பேசுவார், பின்னால் ஒரு நிலம் இருக்கும். அதனைக் கூற்று என்று பெயரிட்டு இலக்கணம் செய்தனர். பின்னே நிற்கும் நிலம் அலங்காரத்துக்கு வைத்த திரையன்று; வாய் சொல்லாததை அது சொல்லும். குருகும் நண்டும் ஞாழலும் அங்கே கதைமாந்தரின் வேலையைச் செய்கின்றன. உள்ளுறை, இறைச்சி என்றெல்லாம் வகுப்பிற் கேட்டபோது எம் மாணாக்கர் உறங்கியிருக்கலாம். அன்று அவர் விழித்துக்கொண்டார். "ஐயா, ஐந்து படத்தோடையே இவ்வளவு செய்திருக்கினமோ?" என்றார்.

அவர் கதைக்கு நிலம் தேடவும் வேண்டியதில்லை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். போர்மேற் சென்றவன் மீளும்வரை ஆற்றியிருத்தல். அவர் பிறந்த மாவட்டத்தின் பெயரே முல்லைத்தீவு. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது அதுவே. அந்த 103 அடியுள் கார்கால மாலையும், நற்சொற் கேட்கச் சென்ற முதுபெண்டிரும், உறக்கமற்ற தலைவியும், பாசறையில் உறக்கமற்ற தலைவனும், மீள வரும் காட்டுவழியும் அடங்கிவிட்டன. நப்பூதனார்க்கு இருந்த வசதி ஒன்று மாத்திரம் இவ்விளைஞர்க்கு இல்லை. அங்கே தேர் திரும்பி வருகிறது.

அன்றிரவு விளக்கை வைத்துக்கொண்டு கொப்பியைக் குறைக்கத் தொடங்கினோம். தலைவி, மாமியார், மகள், தையல் வகுப்பில் உடன் பயின்ற தோழி, மேசன் ஆகிய ஐவரே திரையில் தோன்றுவர். கிராம அலுவலர் குரலாய் மட்டும் வருவார். படலைக்கு வெளியே அவர் சைக்கிள் மணி ஒலித்தாற் போதும். காணாமற்போன கணவனை எழுத எட்டு ஓவியம் ஒதுக்கியிருந்தார், அவன் சிறுவயது, திருமணம், கடைசி நாள் என்று. அனைத்தையும் நீக்கச் சொன்னோம். சட்டமிட்ட ஒரு சிறு படம் சுவரில் தொங்கும். அதுவும் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு முகம் தெளிவாய்த் தெரியாது. இஃது எம் சிக்கனம் அன்று, கதையே கேட்டது. அவளுக்கே அம்முகம் மங்கிவருகிறது என்பதுதானே அவள் அஞ்சுவது!

நிலங்களும் ஐந்தாயின. வீட்டு முற்றம், வயல், முல்லைத்தீவுக் கடற்கரை, காடு, ஐந்தாவது, போருக்குப் பின் எதுவும் கட்டப்படாது பற்றை மூடிக் கிடக்கும் பழைய வளவு. மருதமும் நெய்தலும் முல்லையும் வந்துவிட்டன. நிலம் தன் இயல்பு கெட்டாற் பாலை என்பது முன்னோர் கொள்கை. எனவே பாலையும் வந்தது. குறிஞ்சிதான் நமக்கு வாய்க்கவில்லை. மலை காண வேண்டின் கண்டிக்குப் பேருந்து ஏற வேண்டும். புணர்தற்குரிய திணை இக்கதையில் நிலமின்றி நிற்பதும் பொருத்தமே என்று சொல்லி இருவரும் சிரித்தோம்.

ஐந்து பேர்க்கு ஆறு முகம் முப்பது. ஐந்து நிலத்துக்குக் காலை, மாலை, இரவு என மும்மூன்று, பதினைந்து. நாற்பத்தைந்து ஓவியத்துக்கு இரண்டு இலட்சத்து இருபத்தையாயிரம் ரூபாய். எஞ்சுவது எழுபத்தையாயிரம். 'ஸ்டீம்' என்னும் உலகச் சந்தையில் ஒரு படைப்பை விற்பனைக்கு வைக்க 100 டொலர், ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய், முன்கட்டணம்; விற்பனை 1,000 டொலரைத் தாண்டினால் அப்பணம் மீளும் என்கின்றனர். விற்றதில் நூற்றுக்கு முப்பதைப் பொதுவாக அச்சந்தை எடுத்துக்கொள்ளும். மீதி நாற்பத்தையாயிரம் இசைக்கும் குரலுக்கும். வழிப்பிரிவுகள் பத்தில் ஒன்பதை மீண்டும் ஒரே பாதையிற் கூடுமாறு செய்துவிட்டார். வழி மாறினாலும் வந்து சேருமிடம் ஒன்றே. ஆனால் வந்து சேர்ந்தவள் வேறொருத்தியாய் நிற்பாள். உண்மையிற் பிரியும் வழி இறுதியில் ஒன்று மட்டும்.

படைப்பாற்றலைப் பணமுடை முடமாக்கிவிட்டது என்று வருந்துவோர் இருப்பர். அவர்க்கு இரு சான்றுகள் காட்டுவோம். யப்பானில் ரியூக்கிஷி என்ற புனைபெயருடையவர் 2002 ஓகஸ்ட் மாதத்தில், தோக்கியோவிற் கூடும் தன்முயற்சிப் படைப்பாளர் சந்தையில், 'ஹிகுராஷி' என்னும் திகிற்கதையின் முதற்பகுதியை விற்பனைக்கு வைத்தார். ஓவியர்க்குக் கொடுக்கப் பணமில்லாதவர் செய்வதைச் செய்தார், தாமே வரைந்தார். கைகள் கையுறை மாட்டியவை போற் பருத்து, அழகில்லாமல் இருக்கும் அப்படங்கள். இடங்களுக்குப் புகைப்படம் எடுத்து மாற்றம் செய்து வைத்தார். தெரிவுசெய்யும் வினாவே அதில் வைக்கவில்லை. அக்கதை பின்னர்ச் சித்திரத் தொடராகவும் அசைபடமாகவும் உலகெங்கும் பரவியது. எழுத்தும் ஒலியும் படிப்பவரைப் பிடித்துக்கொண்டபின் கையின் பருமனை எவர் அளந்தார்?

மற்றைய சான்று நம்மவர் தந்தது; அதன் பெயரோ எம்போன்றோர் நெஞ்சைக் குளிர்விப்பது. கனடாவின் ரொறன்ரோ நகரில் அபி என்னும் தமிழர் தலைமையில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு, 2023 யூலை 31இல் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1988இல் கனடாவிற் குடியேறி வாழும் ஒரு தமிழ்ப்பெண், கணவன் பாவலன், மகன் கவின். தாய் தந்த சமையற்குறிப்பேடு கிழிந்தும் மங்கியும் போயிற்று. மறைந்த வரிகளை ஊகித்து இட்டலியும் பிறவும் சமைத்தல் வேண்டும். தமிழை விட்டு விலகும் மகனும், விலகுவதைப் பார்த்திருக்கும் தாயும் அதன் உயிர். ஒன்றரை மணி நேரத்துள் முடிந்துவிடும். நீளம் போதாது என்று குறைகூறியோரும் உளர். 2024இல் பிரித்தானிய 'பாஃப்டா' அமைப்பு அறிமுகப் படைப்புக்கான விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவினர் பெரும்பரிசையும் அதற்கு அளித்தனர். அது வயதுவந்தோர் முத்திரை உடையதன்று. எனினும் அதில் அழுதவர் பெரும்பாலும் வயதுவந்தோரே.

வெண்பா என்ற பாவுக்கு எத்துணைக் கட்டுப்பாடு! கனிச்சீர் புகலாகாது, பிறதளை விரவலாகாது, ஏனையடி நாற்சீராய் நடந்துவர ஈற்றடி முச்சீரில் நின்றுவிட வேண்டும். ஒரு சீர் குறைந்து நிற்கும் அவ்விடத்திலேதான் வெண்பாவின் ஓசை காதில் தங்குகிறது. பெயரிட்டவர் இதனை எண்ணி இட்டாரோ அறியோம், பொருந்தியிருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் குறைக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. கொப்பியைக் குறைத்தபோது எம் மாணாக்கர் ஓவியரின் ஊதியத்தையும் குறைக்கப் பார்த்தார். "நம்மட ஆள்தானே ஐயா, வெளிவந்த பிறகு குடுக்கலாம்" என்றார். அதற்கு நாம் இணங்கவில்லை. எழுத்தாளன் தன் காசில் நூல் அச்சிடுவான். ஓவியன் அட்டைப்படத்துக்குத் தேநீர் பெறுவான். பாடகன் மாலை பெறுவான். அச்சகம் மாத்திரம் பணம் பெறும். இஃது நம் நாட்டில் வேரூன்றிய வழக்கம். பின்னர் வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதி சிறப்புப்பிரதி என்று மேடைக்கு அழைத்து, உறையில் வைத்த பணத்தால் அச்சகக் கடன் தீர்ப்போம். இவ்வழக்கத்தை நாம் இகழவில்லை; எம் நூல் இரண்டும் அவ்வாறே வெளிவந்தன. ஊர் கூடி ஒரு நூலைத் தாங்குவது பெருமையே. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் சேர்த்தார். இன்று இணையத்தில் முன்பணம் திரட்டுகின்றவர் செய்வதும் அதுவே. பிழை எங்கே எனின், அந்தக் கணக்கில் ஓவியனின் கூலி எந்நாளும் கடைசி வரியில் நிற்பதே. நாற்பத்தைந்து ஓவியத்தை நாற்பதாக்கலாம். ஐயாயிரத்தை மூவாயிரம் ஆக்கலாகாது.

குறைக்கலாகாத மற்றொன்று மொழி. காட்சிப் புதினத்திற் காசு செலவின்றித் திருத்தக்கூடியது அது ஒன்றே. ஆயினும் முதலிற் கைவிடப்படுவதும் அதுவே. இவ்வகைப் படைப்புக்கு உலகெங்கும் பலர் கையாளும் 'ரென்பை' என்னும் மென்பொருள் 2004 முதல் விலையின்றிக் கிடைக்கிறது. விற்பனைக்குரிய படைப்புக்கும் கட்டணம் கேட்பதில்லை. முந்திய பதிப்புகளில் தமிழ் இட்டாற் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகிப்போய் நிற்குமாம். 'கொடி' என்று எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாலர் வகுப்புப் பிள்ளையுந் திகைக்கும். அண்மைப் பதிப்புகளில் அக்குறை நீங்கிற்று. எந்திரம் திருந்தியது, ஆனால் ஒற்றுப்பிழையை அது தானாகத் திருத்தித் தராது. ஆகவே எம் கண்ணாடிக்கு வேலை இருக்கிறது.

இனி, இரவுக் காட்சி. மேசனும் அவளும் தனித்திருக்கும் இரவை அவர் மூன்று முழு ஓவியங்களாகத் திட்டமிட்டிருந்தார். முழு ஓவியம் என்பது விலையில் நான்கு முகத்துக்குச் சமம். அந்தப் பக்கத்தைக் கண்டதும் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டோம். செலவு மிகுதி என்று காரணம் சொன்னோம். அது முழு உண்மையன்று என்பதை அவர் அறிந்துகொண்டார். அடுத்த நாள் வந்து, "ஐயா, பதினாறு வருடம் அவள் மரக்கட்டையாய் இருந்தாள் எண்டு எழுதினால் பொய்யாய்ப் போகாதோ?" என்று கேட்டார். மறுமொழி சொல்ல எமக்குச் சிறிது நேரம் பிடித்தது. கோடிட்டது எம் கையன்று, ஊரின் கை. கணவன் இருக்கிறானா என்றறியாத பெண்ணின் வேட்கையைப் பேசுவது அவளுக்குச் செய்யும் இழிவு என்று எண்ணிப் பழகிய ஊர் இது. அகப்பாட்டில் தலைவி தன் வேட்கையை மறைத்ததில்லை; தோழியிடம் சொன்னாள், நெஞ்சிடம் சொன்னாள், கடலிடமும் சொன்னாள். பாட்டைப் பாடமாக நடத்திப் பரீட்சைக்கு வினாவும் எடுத்துவிட்டு, அயல்வீட்டுப் பெண் அதனைச் சொல்லும்போது செவி மூடுகிறோம். கோட்டை நாமே அழித்தோம்.

ஆயினும் மூன்று ஓவியம் இருந்தாக வேண்டுமா என்ற வினா எஞ்சியது. இதில் வணிகர் சொல்வதொன்று, வரலாறு சொல்வதொன்று. உடம்பைக் காட்டினால் விற்கும், காட்டாவிட்டால் முத்திரைக்குரிய வாசகர் வாரார் என்பது வணிகர் வாதம். யப்பானில் 2000ஆம் ஆண்டு சிறு குழுவொன்று வெளியிட்ட 'த்சுகிஹிமே' அத்தகைய காட்சிகளை உடையதாகவே வந்தது. 2021இல் அதனைப் புதிதாய் ஆக்கியபோது அக்காட்சிகளை விலக்கிவிட்டனர். கதை நின்றது, வாசகரும் நின்றனர். எனின், முதலில் அவை தேவையென்று எண்ணியது சந்தையா, கதையா? மற்றொன்று. 2025 யூலை மாதத்தில், பணம் செலுத்தும் கொம்பனிகளின் நெருக்குதலால் ஸ்டீம் சந்தை வயதுவந்தோர் படைப்புகள் பலவற்றை அகற்றியது. 'இட்ச்' என்னும் மற்றொரு சந்தை அத்தகைய படைப்புகளைத் தேடற்பட்டியலிலிருந்தே மறைத்தது. நல்லதும் தீயதும் ஒருங்கே மறைந்தன; சில பின்னர் மீண்டன. நம் நாட்டிலோ 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீட்டுச் சட்டம் இருக்கவே இருக்கிறது. மூன்று இலட்சத்தையும் ஈராண்டு உழைப்பையும் மூன்று படங்களின்மேல் ஏற்றிவைப்பது சட்டத்துக்கு அஞ்சியோ அறத்துக்கு அஞ்சியோ அன்று, கணக்குக்கு அஞ்சியாவது தவிர்க்கத்தக்கது என்றோம்.

அவர் கண்ட வழி எம் வழியினும் நன்று. அந்த இரவில் திரை இருண்டுவிடும். மின்சாரம் நின்ற இரவு. தகரக் கூரையில் மழை. இருவர் பேச்சு மட்டும் எழுத்தாய் வரும். ஓவியம் இல்லை, ஆகவே செலவும் இல்லை. ஆனால் எழுத வேண்டிய பக்கம் பதினொன்று. அவள் சொல்வதை மழுப்பாமல் எழுதியிருக்கிறார். படித்துவிட்டுக் கொப்பியை மூடி வைத்தோம். பாடசாலை நூலகத்தில் அதனை வைக்க மாட்டோம். வளர்ந்தோர் எவர் கேட்டாலும் கொடுப்போம்.

இத்துணையும் தீர்ந்தபின் ரொறன்ரோவிலிருந்து ஒரு தொல்லை வந்தது. அவருடைய மாமன், ஐந்து இலட்சம் அனுப்புவதாகச் சொன்னார். நல்ல மனம் உடையவர்; பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறவர். ஆனால் கதையிற் சிறு மாற்றம் வேண்டுமாம். கணவன் திரும்பி வரவேண்டும், வீரனாக வரவேண்டும், அவன் வருகைக்கு ஏற்ப அவள் அதுவரை எவரையும் ஏறெடுத்துப் பாராதவளாய் இருக்கவேண்டும். ஐந்து இலட்சம் கிடைத்தால் அறுபது இடங்களும் மீண்டும் கொப்பிக்குள் வந்துவிடும், திரையெல்லாம் வண்ணமாகும். அரசவைப் புலவர் முதல் இன்று வரை இந்த அழைப்புக்கு எழுதுவோர் தப்பியதில்லை. கொடுப்பவர் கொடியவர் என்றால் மறுப்பது எளிது. கொடுப்பவர் அன்புடையவராய், போரில் உறவை இழந்தவராய், ஒரு வீரன் திரும்பி வருவதைத் திரையிலாவது காண விரும்புகிறவராய் இருக்கும்போது மறுப்பது எளிதன்று. மாமன் விரும்பும் கதையும் ஒரு துயரத்திலிருந்து பிறந்ததே. அதனை அவர் வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்கலாம். இவள் கதை அதுவன்று.

வன்னியின் இறுதிப்போர்க் கதையைச் சித்திர நூலாகத் தந்தவர்கள் வெளிநாட்டவர். ஐக்கிய நாடுகள் நிறுவனப் பணியாளராய் 2008 வரை வன்னியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்சி பொலொக் வரைய, 'வன்னி' என்ற பெயரோடு 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்து செல்லும் நேர்மையான நூல். அதற்கு நன்றியுடையோம். ஆனால் குண்டு விழும் நாட்களின் கதை வேறு. விழுந்து பதினாறு ஆண்டு கழிந்தபின் சுவர் பூசும் நாட்களின் கதை வேறு. பின்னதைச் சொல்ல மாமியாரின் இருமலையும் கிராம அலுவலரின் சைக்கிள் மணியையும் பக்கத்திலிருந்து கேட்டவர் வேண்டும். அவர் கையில் மூன்று இலட்சமே உண்டு என்பதனால் அக்கதை சொல்லப்படாது போகலாகாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வந்தார். மாமனுக்கு என்ன மறுமொழி சொன்னார் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்து முதற்காட்சியைக் காட்டினார். முற்றம், மாலை வேளை. மாமியார் நெற்சுளகோடு படியில் அமர்ந்திருக்கிறார். கொம்பெல்லாம் தத்தம் இடத்தில் நின்றன. மழை ஒலி அவர் வீட்டு அடுக்களையில் இரவு பதிவு செய்ததாம். உற்றுக் கேட்டால் இடையில் அவர் தாயார் அடுப்பு ஊதும் ஓசையும் கேட்கிறது. அதனை நீக்கிவிடவா என்றார். இருக்கட்டும் என்றோம். மூன்றாம் வரியில் ஓர் ஒற்று மிகாமல் நின்றது. சொன்னோம். அங்கேயே வாங்கில் அமர்ந்து திருத்தினார்.